கோபம் தீராமல் நன்மை வாங்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மா பக்கவாதம் வந்து படுத்திருந்த நேரத்தில், உங்கள் அண்ணன் வீட்டைத் தன் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதி வாங்கிவிட்டார். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அண்ணனோடு பேச்சுவார்த்தை கிடையாது, கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத் தியானத்துக்கு வந்த ஒரு சாமியார் (கத்தோலிக்கக் குரு), மன்னிக்காத மனதோடு நன்மை வாங்க, அதாவது பூசையில் நற்கருணை அப்பம் பெற, வராதீர்கள் என்று பேசிவிட்டுப் போனார். அதிலிருந்து, ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனி ராத்திரிப் பூசையில் எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது நீங்கள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். மன்னிப்பதென்றால் வழக்கை வாபஸ் வாங்க வேண்டுமா, கோபம் போகாமல் பாவசங்கீர்த்தனம் செய்தால், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால், அது செல்லுமா என்று கேட்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்கிறேன். வழக்கை வாபஸ் வாங்க வேண்டியதில்லை. கோபம் இருக்கும்போதே பாவசங்கீர்த்தனம் செய்யலாம், அது செல்லும். நன்மையும் வாங்கலாம். ஆனால் அண்ணன் நாசமாய்ப் போகட்டும் என்று மனதறிந்து ஆசைப்படுகிறீர்களா என்ற ஒரு கேள்விக்கு நீங்கள் உண்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்குப் பின்னால் வருகிறேன். நான் குரு அல்ல. கடற்கரைப் பங்கு ஒன்றில் முப்பது வருடம் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுத்தவன். இந்தக் கேள்வி வராத பாஸ்கா (ஈஸ்டர்) எனக்கு நினைவில் இல்லை.

இயேசு கற்றுக்கொடுத்த செபமான பரலோக மந்திரத்தில் நாம் என்ன சொல்கிறோம்? "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்." மன்னிப்பது என்று வராது, பொறுப்பது என்றுதான் வரும். பொறு என்றால் சுமை தாங்கு, காத்திரு, குற்றத்தை விட்டுக்கொடு என்று மூன்று பொருளும் தமிழில் உண்டு. பாரம் தூக்குகிறவனும் பொறுக்கிறான், பஸ்ஸுக்கு நிற்கிறவனும் பொறுக்கிறான். அந்தக் காலத்தில் நமக்கு இந்தச் செபத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தவர்கள் இதை யோசித்துத்தான் வைத்தார்களோ என்னவோ, எனக்கு இந்தச் சொல் பெரிய ஆறுதல். கனம் இறங்காமலேயே ஒருவர் பொறுத்துக்கொண்டிருக்க முடியும். நீங்கள் ஆறு வருடமாகச் செய்வதில் பாதியாவது அதுதான்.

சரி, அந்தச் சாமியார் சொன்னதற்கு வருவோம். அவர் மனதில் இருந்தது மத்தேயு ஐந்தாம் அதிகாரமாக இருக்க வேண்டும். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, போய் முதலில் உன் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்ற பகுதி. தவக்காலத்தில் இதை வைத்துப் பிரசங்கம் வைக்காத பங்கு கிடையாது. ஆனால் வசனத்தை எடுத்து மெதுவாகப் படித்துப் பாருங்கள். உனக்கு அவர் மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அதில் இல்லை. அவருக்கு உன் மேல் மனத்தாங்கல் உண்டென நினைவுக்கு வந்தால் என்றுதான் இருக்கிறது. அதாவது தப்பு செய்தவனைப் பார்த்துச் சொன்னது அது. காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து போக வேண்டியவர் உங்கள் அண்ணன். வருடா வருடம் அந்த வசனத்தைக் கேட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவது நீங்கள், முதல் வரிசையில் போய் நன்மை வாங்குவது அவர் என்றால், வாசிப்பில் எங்கேயோ கோளாறு.

இதைச் சொன்னவுடன் உங்களுக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும். எனவே மறு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடச் சண்டையில் ஒரு பக்கம் மட்டும் வாய் பேசியிருக்காது. அவர் மனைவியைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி நீங்கள் ஏதாவது சொல்லி அது அவர் காதுக்குப் போயிருந்தால், அந்த அளவுக்கு அந்த வசனம் உங்களுக்கும் சேர்த்துத்தான். வீடு வேறு, வார்த்தை வேறு. வார்த்தைக்கு நீங்கள் தனியாக மன்னிப்புக் கேட்கலாம், வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல்.

இப்போது பாஸ்காவுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் குழப்பத்துக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது. மன்னிப்பு என்றவுடன் நாம் பெரிய வெள்ளிக்கிழமையோடு நின்றுவிடுகிறோம். "தந்தையே, இவர்களை மன்னியும்" என்று சிலுவையில் சொன்னதோடு கதை முடிந்ததாக நினைக்கிறோம். அந்த வார்த்தைக்கு அப்புறம் என்ன நடந்தது என்பது யோவான் நற்செய்தியின் கடைசி இரண்டு அதிகாரங்களில் இருக்கிறது.

இயேசுவின் தலைமைச் சீடர் பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் இன்னும் ராயப்பர் என்றுதான் சொல்வோம். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன வியாழன் ராத்திரி, தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் குளிருக்குக் கரியில் தீ மூட்டியிருக்கிறார்கள். அதில் கை காய்ந்துகொண்டே மூன்று தரம், அந்த ஆளை எனக்குத் தெரியாது என்கிறார். பிறகு, இயேசு உயிர்த்த பின், இருபத்தொன்றாம் அதிகாரத்தில் திபேரியாக் கடலோரம். ராத்திரி முழுக்க வலை போட்டு ஒரு மீன் கிடையாது. விடியும்போது கரையில் நிற்கிறவர் வலப்பக்கம் போடச் சொல்கிறார், 153 பெரிய மீன். கரைக்கு வந்து பார்த்தால் அங்கே கரியில் தீ, மேலே மீன், பக்கத்தில் அப்பம். கரித்தீக்கு யோவான் எழுதும் கிரேக்கச் சொல் அந்த்ரக்கியா. புதிய ஏற்பாடு முழுவதிலும் அது வருவது இந்த இரண்டே இடத்தில்தான். தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கரிப்புகை சட்டையில் ஏறினால் துவைத்தாலும் லேசில் போகாது. நனைந்த துணியோடு கரையேறுகிற பேதுருவின் மூக்கில் முதலில் ஏறியிருப்பது அந்த முற்றத்து வாசனைதான். இயேசு அதே தீயைத்தான் மூட்டிவைத்திருக்கிறார். நடந்ததை மூடி மறைக்கவில்லை. அதே சமயம் எடுத்தவுடன் விசாரணையும் வைக்கவில்லை. முதலில் சாப்பிட வாருங்கள் என்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி. "யோவானின் மகன் சீமோனே" என்று பழைய பெயரைச் சொல்லி, நீ என்னை அன்பு செய்கிறாயா என்று மூன்று தரம். மூன்றாம் தரம் பேதுருவுக்கு மனம் வலித்தது என்று யோவான் எழுதுகிறார். (இந்த இடத்தில் அன்புக்கு இரண்டு கிரேக்கச் சொற்கள் வருவதை வைத்து நீண்ட பிரசங்கம் செய்வார்கள். யோவான் அந்த இரண்டையும் மற்ற இடங்களில் மாற்றி மாற்றிப் போடுகிறவர், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.)

கவனித்தீர்களா, அந்தக் காட்சி முழுவதிலும் உன்னை மன்னித்தேன் என்ற வார்த்தையே இல்லை. பேதுருவும் மன்னியுங்கள் என்று கேட்கவில்லை. கேள்வி வருகிறது, பதில் வருகிறது, ஒவ்வொரு பதிலுக்கும் என் ஆடுகளைப் பார்த்துக்கொள் என்று வேலை வருகிறது. மன்னிப்பு எப்போதோ கொடுத்தாகிவிட்டது. கரையில் நடந்தது ஒப்புரவு. மன்னிப்பை ஒருவர் தனியாகச் செய்யலாம். ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும், நடந்தது இன்னதென்று இரண்டு பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் அண்ணன் கரித்தீ பக்கத்தில் வந்து உட்காராதவரை அந்த இரண்டாவது நடக்காது. அது நடக்கவில்லை என்பதற்காக முதலாவதை நீங்கள் செய்யவில்லை என்று ஆகாது. அந்தத் தியானத்தில் குழம்பிப்போனது இந்த இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம், காயம். உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம் சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். இயேசு வந்து நின்று, உங்களுக்கு அமைதி உரித்தாகுக என்கிறார். சொன்னவுடன் செய்வது கையையும் விலாவையும் காட்டுவது. அதே மூச்சில் அவர்கள் மேல் ஊதி, எவருடைய பாவங்களை மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்கிறார். நாம் போய் முழங்காலில் நிற்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டி பிறந்தது உயிர்ப்பு ஞாயிறு மாலையில், காயம் தெரிகிற கையிலிருந்து. சாவையே வென்றவருக்கு ஐந்து தழும்பை அழிக்கத் தெரியாதா? வைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு வாரம் கழித்து, அன்று அங்கே இல்லாத சீடர் தோமையாரைக் கூப்பிட்டு விரலை இங்கே இடு என்றும் சொல்கிறார். உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு எந்த வருடமானாலும் இந்த வாசகம்தான் வரும். 2000ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அந்த ஞாயிற்றுக்கு இறை இரக்க ஞாயிறு என்று பெயர் வைத்தார்.

பெரிய சனி ராத்திரி கோயில் வாசலில் புது நெருப்பு மூட்டும்போது அடுத்த தடவை கொஞ்சம் முன்னால் போய் நில்லுங்கள். கூட்டத்தில் நமக்குக் கடைசியில் எரிகிற திரி மட்டும்தான் தெரியும். அதற்கு முன்னால் குரு பாஸ்காத் திரியில் சிலுவை கீறுவார், மேலே அகரம், கீழே னகரம், சுற்றிலும் அந்த வருடத்தின் நாலு எண்கள். அப்புறம் சாம்பிராணி மணி ஐந்தை எடுத்து அந்தச் சிலுவையில் குத்துவார். பூசைக்கு உதவுகிற சிறுவன் தட்டை ஆட்டிவிட்டான் என்றால் ஒன்று தரையில் விழுந்து எல்லோரும் தேடுவார்கள், எங்கள் பங்கில் நடந்திருக்கிறது. அந்த ஐந்தும் ஐந்து காயம். காயத்தைக் குத்திய பிறகுதான் திரியைக் கொளுத்துகிறார்கள். அதிலிருந்துதான் நம் கையில் இருக்கும் சின்னத் திரிக்கெல்லாம் நெருப்பு வருகிறது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், மன்னித்தால் மறந்துவிட வேண்டும், வலி போய்விட வேண்டும், இல்லையென்றால் மன்னிக்கவில்லை என்று யாரோ நம் தலையில் ஏற்றிவிட்டார்கள். திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டின் 2843ஆம் எண்ணைப் பாருங்கள். பட்ட காயத்தை உணராமல் இருப்பதும் மறப்பதும் நம் கையில் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தூய ஆவியிடம் ஒப்படைத்த மனம் அந்தக் காயத்தை மெல்ல அடுத்தவருக்கான மன்றாட்டாக மாற்றும் என்கிறது. உணர்ச்சிக்கு நீங்கள் பொறுப்பாளி கிடையாது. விருப்பத்துக்குப் பொறுப்பாளி.

முதலில் சொன்ன கேள்வி இங்கேதான் வருகிறது. அண்ணன் பேரைக் கேட்டால் நெஞ்சு எரிகிறது, அவர் வீட்டுத் தெரு வழியாகப் போகப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் காயம். அவருக்குப் பெரிய கெடுதல் வர வேண்டும் என்று மனதறிந்து விரும்பி, அதை வளர்த்துக்கொண்டிருந்தால் அது பகை, சாவான பாவம், அதாவது கனமான பாவம். அதோடு நன்மை வாங்கக் கூடாதுதான். சாமியார் சொன்னது அதற்குப் பொருந்தும். இயேசு போட்ட நிபந்தனையை நான் மழுப்பப் போவதில்லை, நாம் மன்னிக்காவிட்டால் தந்தையும் மன்னிக்க மாட்டார் என்று பட்டென்றுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் நீங்கள் எழுதியதிலேயே ஒரு வரி இருக்கிறது: அண்ணன் மகனுக்குக் காய்ச்சல் என்று கேட்டு மனம் கேட்காமல் யாரிடமோ விசாரித்தீர்கள் என்று. பகை உள்ளவர் விசாரிக்க மாட்டார்.

அடுத்து, வழக்கு. எழுபது தடவை ஏழுமுறை மன்னி என்பது மத்தேயு பதினெட்டாம் அதிகாரம். அதே அதிகாரத்தில், அதற்குச் சில வசனம் முன்னால், சகோதரன் குற்றம் செய்தால் தனியாகப் போய் எடுத்துச் சொல், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபையிடம் சொல் என்று வரிசையாக வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார் மத்தேயு. பாவசங்கீர்த்தனத்துக்கும் இதே நியாயம்தான். மன்னிப்பு பாவத்தைப் போக்கும், ஆனால் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமையைப் போக்காது. நாளை உங்கள் அண்ணனே போய் இந்தப் பாவத்தைச் சொன்னாலும் எந்த நல்ல குருவும், வீட்டில் தங்கச்சி பங்குக்கு என்ன வழி என்றுதான் கேட்பார். வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்றார், பரவாயில்லை வைத்துக்கொள் என்று இயேசு தடுக்கவில்லை.

சின்னப்பர் (பவுல்) கொரிந்தியருக்கு எழுதியது ஒன்று உண்டு, சகோதரர் மேல் சகோதரர் வழக்குப் போடுவதா, அதைவிட நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டால் என்ன என்று. உங்கள் வீட்டுக்காரர் இதைத்தான் காட்டியிருப்பார். அதைப் புறக்கணிக்கச் சொல்லமாட்டேன். ஆனால் அங்கேயே அவர், உங்களுக்குள் தீர்த்து வைக்க ஒரு விவரமானவர் கூடவா இல்லை என்றும் கேட்கிறார். எனவே கோர்ட்டில் இருக்கும் சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். அண்ணன் வரவில்லையென்றால் வழக்கு நடக்கட்டும். கிறிஸ்தவர்களுக்கான 1925 வாரிசுரிமைச் சட்டத்தில் மகன், மகள் என்ற பேதம் கிடையாது. பத்திரம் செல்லுமா செல்லாதா என்பதை நீதிபதி பார்த்துக்கொள்வார், அது உங்கள் ஆத்துமக் கணக்கில் வராது.

இதைவிடப் பெரிய உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலை, தற்கொலைக் குண்டுத் தாக்குதல். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு பக்கம் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் ஆலயம், இன்னும் மூன்று ஹோட்டல்கள். 250 பேருக்கு மேல் இறந்தார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் தமிழருக்கும் சிங்களருக்கும் பொது, இந்துக்களும் பௌத்தர்களும் செவ்வாய்க்கிழமை வந்து திரி ஏற்றுகிற இடம். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த இயேசு சுரூபத்தின் மேல் தெறித்த ரத்தத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அடுத்த வருட உயிர்ப்பு விழாவில் கர்தினால் மால்கம் ரஞ்சித், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று சொன்னார். அப்புறம் அவர் சும்மா இருக்கவில்லை. யார் செய்யவைத்தது, எச்சரிக்கை வந்தும் யார் கண்ணை மூடிக்கொண்டது என்று அரசாங்கம் மாற மாற விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மக்கள் கறுப்புடை போட்டுப் பூசைக்கு வந்தார்கள். பலியானவர்களின் குடும்பத்தாரும் குருக்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 ஜனவரியில் தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கர்தினால் மன்னித்தது பொய்யா? மன்னித்தவர்தான் உண்மையையும் கேட்டார்.

காலம் எடுக்குமா என்றால், எடுக்கும். கேரளத்துக் கன்னியர் ராணி மரியாவை 1995 பிப்ரவரி 25 அன்று மத்தியப் பிரதேசத்தில் ஓடும் பஸ்ஸில் வைத்துக் குத்திக் கொன்றார்கள். வட்டிக்காரர்கள் பிடியிலிருந்து ஏழை விவசாயிகளை மீட்க வேலை செய்தார் என்பதற்காக. கொன்றவர் சமுந்தர் சிங். ராணி மரியாவின் தங்கை செல்மி பால், அவரும் கன்னியர், ஜெயிலுக்குப் போய் சமுந்தர் சிங் கையில் ராக்கி கட்டித் தம்பியாக ஏற்றுக்கொண்டார். அது 2002. நடுவில் ஏழு வருடம். அந்த ஏழு வருடமும் அவர் நன்மை வாங்காமலா இருந்தார்? சமுந்தர் சிங் 2006இல் விடுதலையாகி, 2017இல் ராணி மரியாவுக்கு இந்தூரில், புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தபோது அங்கே வந்திருந்தார்.

இவ்வளவு பெரிய ஆட்களைப் பார்த்தால் நமக்கு மலைப்பாக இருக்கும். என் பெரியம்மா கதையைச் சொல்கிறேன். அவருக்கும் கொழுந்தனுக்கும் ஒரு வள்ளத்தின் பங்கு விஷயமாகச் சண்டை. சாயங்காலம் வீட்டில் செபமாலை சொல்லும்போது பரலோக மந்திரத்தில் "தீமை செய்வோரை" என்ற இடம் வந்தால் பெரியம்மா வாயை மூடிக்கொள்வார். அந்த வரி போனதும் திரும்பச் சேர்ந்துகொள்வார். பொய் சொல்லி மந்திரம் சொல்ல மாட்டேன் என்பார். நாங்கள் சின்னப் பிள்ளைகள், அந்த இடம் வந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். ஒரு தவக்காலத்தில் பங்குச் சாமியாரிடம் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் திட்டவில்லை. "விடுகிற இடத்தில் சும்மா இருக்காதே, கொழுந்தன் பேரைச் சொல்லி மனதுக்குள் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு" என்றாராம். பரலோக மந்திரம் முடிந்து அடுத்தது தொடங்கியும் பெரியம்மா உதடு தனியாக ஆடிக்கொண்டிருக்கும். எத்தனை வருடம் என்று எனக்குக் கணக்கில்லை. ஒரு நாள் அந்த வரியை எல்லோரோடும் சேர்ந்து சொன்னார். வள்ளத்தின் பங்கு கடைசிவரை வரவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். பாவசங்கீர்த்தனத்தில் கதை முழுவதையும் சொல்லாதீர்கள், பத்திரம், சர்வே நம்பரெல்லாம் வேண்டாம். "அண்ணன் எனக்குத் தீமை செய்தார், கோபம் தீரவில்லை, மன்னிக்க விரும்புகிறேன், முடியவில்லை, அவரைப் பற்றித் தப்பாகப் பேசியதற்கு மனஸ்தாபப்படுகிறேன்" என்று சொன்னால் போதும். மன்னிக்க விரும்புகிறேன் என்று உங்களால் சொல்ல முடிகிறதே, அதுதான் அந்த நிபந்தனை கேட்பது. வெளியே வந்து அவர் பேரைச் சொல்லி ஒரு செபம். அப்புறம் நன்மை வாங்குங்கள். வருடத்தில் ஒரு தடவையாவது, அதுவும் பாஸ்கா காலத்தில் வாங்க வேண்டும் என்பது 1215இல் ஆயர்கள் கூடிய லாத்தரன் சங்கத்திலிருந்து வரும் கட்டளை. பாஸ்கா காலம் என்பது பெந்தெகோஸ்தே வரை ஐம்பது நாள். எனவே பெரிய சனிக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்று பதற வேண்டாம்.

பெரிய வியாழக்கிழமை போகாதீர்கள், வரிசை வாசல் வரை நிற்கும், சாமியாருக்கும் களைத்துப்போயிருக்கும். செவ்வாய் அல்லது புதன் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போனால் நிதானமாகக் கேட்பார்.